தாயின் இலையும் சேயின் நலமும்



முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகைக்கு முன் நின்ற ஒருவன் இன்று அடுப்பங்கரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறான். "உங்களுக்கு வெந்நீர் வைக்கத் தெரியுமா?" என்று கேட்டு என் மனைவியே சிரித்தாள். வெந்நீர் வைப்பேன், அதற்குமேல் உறுதி கூற இயலாது. ஆயினும் நான் பேசப்போகும் சமையலில் எதைச் சேர்ப்பது என்பதைவிட, எதை நீக்குவது, எத்தனை நாள் நீக்குவது, நீக்கிய இடத்தில் எதை வைப்பது என்பவையே பெரிய கேள்விகள். அவற்றுக்கு விடை காணக் கைப்பழக்கம் மட்டும் போதாது; கண்டு, குறித்து, சோதித்து அறிய வேண்டும். அந்த அளவில் அது உங்கள் பாடத்தைச் சேர்ந்ததே. ஓர் இளந்தாயின் இலையில் விழும் ஒரு கரண்டித் தயிர் அவள் மடியில் கிடக்கும் பச்சிளங் குழந்தையின் குடலை உறுத்தக்கூடும் என்பதை எங்கள் வீட்டில் நேரே கண்டோம். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று. 2007இல் அரியலூர் அதிலிருந்து நிலையாகப் பிரிந்தது. வரைபடத்தில் கோடு விழுந்ததே தவிர, கொள்வினை கொடுப்பினையில் கோடு விழவில்லை. என் வீடு பெரம்பலூரில். மகளைக் கொடுத்திருப்பது ஆண்டிமடத்துப் பக்கம். எங்கள் பக்கத்தில் செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி. சம்பந்தி வீட்டுப் பக்கத்தில் செம்மண் மேட்டில் முந்திரிக் காடு. வேர்க்கடலை இரு பக்கத்துக்கும் பொது. இவற்றை ஏன் இப்போதே அடுக்குகிறேன் என்றால், பின்னால் இவை ஒவ்வொன்றும் குற்றவாளிக் கூண்டில் ஏறப்போகின்றன.

என் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்கு நம் வீடுகளில் நடக்கும் உபசாரம் உங்களுக்குத் தெரிந்ததே. காலையில் ஓர் உருண்டை லேகியம், நண்பகலில் பூண்டும் மிளகும் சுண்டைக்காய் வற்றலும் இட்ட பத்தியக் குழம்பு, முருங்கைக்கீரை, வாரத்தில் ஒரு நாள் பால் சுறாப் புட்டு, இரவில் பூண்டை வேகவைத்து மசித்த பால். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் அரசு நடத்தும் மகப்பேறு உதவித் திட்டத்தில் அவளுக்குக் கிடைத்த ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் சத்துமாவு, பேரீச்சை, நெய் எல்லாம் இருந்தன. சம்பந்தியம்மாள் தம் வீட்டுப் பசுவின் வெண்ணெயை உருக்கித் தூக்குச் சட்டி நிறைய நெய் கொண்டுவந்தார். முந்திரிப் பருப்பும் கொண்டுவந்தார். வீடு மணத்தது.

ஆறாவது வாரத்தில் ஒருநாள் குழந்தையின் துணியில் சளி போன்ற மலமும் அதில் நூல் இழை போல இரத்தமும் கண்டோம். குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. நன்றாகப் பால் குடித்தது, எடையும் ஏறிக்கொண்டிருந்தது. மாலையில் மட்டும் காலை மடக்கிக்கொண்டு அழுதது. இரத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் எல்லாரும் மருத்துவர் ஆகிவிட்டார்கள். கண்ணேறு என்றார் ஒருவர். தாய்ப்பால் சூடு பிடித்துவிட்டது, அதை நிறுத்திவிட்டு டப்பாப் பால்மாவு கொடுக்கலாம் என்றார் மற்றொருவர். தெருவில் கழுதைப்பால் விற்பவர் வந்தார். ஒரு சங்கு கொடுத்தால் சரியாகும் என்று அண்டை வீட்டார் அவரை அழைத்தே விட்டனர். நான் கழுதையை அனுப்பிவிட்டுக் குழந்தையோடு மருத்துவரிடம் சென்றேன்.

அந்தக் குழந்தை மருத்துவர் என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவர். அவர் முதலில் ஆசனவாயில் வெடிப்பு உண்டா, தொற்று உண்டா என்று பார்த்தார். இரத்தம் கண்ட இடமெல்லாம் ஒவ்வாமை என்று முடிவு செய்யக் கூடாது; அதைத் தீர்மானிப்பது வீட்டார் வேலை அன்று. பார்த்து முடித்தபின், "ஐயா, தாய் உண்ணும் பசும்பாலின் புரதம் குழந்தைக்கு ஒவ்வவில்லை என்று எண்ணுகிறேன். தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். தாய் மட்டும் பாலையும் பாலால் ஆனவற்றையும் விட்டுவிடட்டும். இரண்டு வாரம் முதல் நான்கு வாரம் வரை பொறுத்துப் பார்ப்போம்" என்றார்.

இங்கே கதையை நிறுத்திவிட்டுக் காரணத்தைச் சொல்ல வேண்டும். நாம் உண்ணும் புரதம் வயிற்றிலும் குடலிலும் சிறு சிறு கூறுகளாகச் சிதைந்து இரத்தத்தில் கலக்கிறது. ஆனால் மிகச் சிறு பகுதி சிதையாமலே நழுவி உள்ளே போய்விடுகிறது. திருவிழாவில் சீட்டு வாங்காமல் கூட்டத்தோடு நுழைந்துவிடும் பையனைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயின் இரத்தத்தில் நுழைந்தது தாய்ப்பாலிலும் நுழையும். முட்டை உண்ட தாயின் பாலில் முட்டைப் புரதம் இருப்பதை 1921ஆம் ஆண்டிலேயே ஷானன் என்ற அமெரிக்க மருத்துவர் கினிப் பன்றிகளைக் கொண்டு மெய்ப்பித்தார். பசும்பாலில் பீட்டா லாக்டோகுளோபுலின் என்று ஒரு புரதம் உண்டு. மனிதத் தாயின் உடல் அதைச் செய்வதே இல்லை. ஆயினும் பசும்பால் பருகிய தாயரின் பாலில் அது காணப்படுகிறது. ஒரு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவில். ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு மைக்ரோகிராம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஒரு பொருட்டே அன்று. சில குழந்தைகளின் குடலில் மட்டும், உடலைக் காக்க நிற்கும் காவல் அணுக்கள் இந்த அன்னியப் புரதத்தைப் பகை என்று தவறாகக் கருதிப் போர் தொடங்குகின்றன. போரில் குடலின் உட்சுவர் சிவந்து கசிகிறது.

இத்தகைய மாறுபட்ட செயலுக்கு 'அலர்ஜி' என்ற பெயரை 1906இல் ஆக்கியவர் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவரான கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே. கிரேக்க மொழியில் 'வேறு', 'செயல்' என்று பொருள்படும் இரு சொற்களைக் கூட்டி அதை அமைத்தார். நாம் ஒவ்வாமை என்கிறோம். என் காதுக்குத் தமிழ்ச் சொல்லே இனிமையாகவும் தெளிவாகவும் இருக்கிறது. ஒவ்வுதல், ஒவ்வாமை, ஒருவருக்கு ஒவ்வுவது மற்றொருவருக்கு ஒவ்வாது. திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதில் பெரும்பகுதி உணவைப் பற்றியே பேசியிருப்பதை உங்கள் தமிழாசிரியர் சொல்லியிருப்பார்.

நம் முன்னோருக்கும் இது முற்றிலும் புதிதன்று. குழந்தையின் தோலில் தோன்றும் சொறியையும் புண்ணையும் சித்த மருத்துவம் கரப்பான் என்று சொல்லும். கரப்பானை மிகுவிக்கும் பண்டங்கள் என்று சிலவற்றை வகுத்துப் பால் கொடுக்கும் தாய்க்கு அவற்றை விலக்குவது நாட்டு வழக்கு. தாயின் இலைக்கும் சேயின் உடலுக்கும் தொடர்பு உண்டு என்று கண்ட அந்த நுண்ணறிவை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த வழக்கில் ஒரு குறை உண்டு. கத்தரிக்காய் என்றால் எல்லாத் தாய்க்கும் கத்தரிக்காய் விலக்கு. ஒவ்வாமையோ ஆளுக்கு ஆள் வேறு. ஊருக்கெல்லாம் ஒரே பட்டியல் அதற்குப் பொருந்தாது.

மற்றொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். பால் சீரணமாகாமை வேறு, பால் ஒவ்வாமை வேறு. முன்னது பாலிலுள்ள சர்க்கரையாகிய லாக்டோஸைப் பற்றியது. பின்னது புரதத்தைப் பற்றியது. தாய்ப்பாலிலேயே 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 7 கிராம் லாக்டோஸ் உண்டு. தாய் பசும்பாலை விட்டாலும் அது குறையாது. ஆகையால் 'லாக்டோஸ் நீக்கிய பால்' என்று கடையில் விற்பதைத் தாய் வாங்கிக் குடித்துப் பயன் இல்லை. அதில் புரதம் அப்படியே இருக்கும். தயிராக்கிப் புளிக்கவைத்தாலும் புரதம் போய்விடாது. ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் உதவா. அவற்றின் புரதங்கள் பசும்பாலின் புரதங்களுக்கு நெருங்கிய உறவு. டப்பாப் பால்மாவோ பெரும்பாலும் பசும்பாலிலிருந்தே செய்யப்படுவது. தாய்ப்பாலில் மைக்ரோகிராம் கணக்கில் வந்ததைத் தாங்காத குழந்தைக்கு அதையே கரண்டி கரண்டியாகக் கரைத்து ஊட்டலாம் என்றவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் யோசனை அது.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும்.

மருத்துவர் ஒரு குறிப்பேடு வைக்கச் சொன்னார். குறிப்பேடு என்றதும் எனக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. வருகைப் பதிவேடு போலக் கட்டம் கட்டினேன். நாள், நேரம், தாய் உண்டது, குழந்தையின் மலம், அழுகை, தூக்கம் என்று ஆறு கட்டங்கள். பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் எல்லாம் சமையலறையிலிருந்து வெளியேறின. ஒன்பது நாள் கடந்தன. இரத்தம் நிற்கவில்லை.

அதன்பின் வீட்டில் ஒரு பெரிய வழக்கு மன்றம் கூடியது. பால் போய்விட்டது, இன்னும் இரத்தம் வருகிறது. ஆகவே குற்றவாளி வேறொருவர் என்று வாதம் எழுந்தது. வேர்க்கடலையைச் சந்தேகித்தார் மாப்பிள்ளை, அது நீங்கியது. முந்திரியைச் சம்பந்தியம்மாளே முன்வந்து விலக்கினார். தம் ஊர்ப் பண்டம் என்ற பாசம்கூடக் காட்டவில்லை. பிறகு முட்டை, பிறகு மீன், கத்தரிக்காய் என்றைக்கும் சந்தேகத்துக்குரியது, ஆகவே அதுவும், துவரம் பருப்பு வாயு என்று யாரோ சொல்ல, அதுவும். சின்ன வெங்காயத்தைக்கூட விடவில்லை. பதினெட்டாம் நாள் என் மகளின் இலையில் சோறும் மிளகு ரசமும் உப்பிட்ட பூசணிக்காயும் மட்டுமே இருந்தன. அவள் ஒன்றும் சொல்லாமல் உண்டாள். இரவில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா, என் பாலே இவளுக்கு நஞ்சா?" என்று கேட்டாள். நாற்பது மாணவர்களின் கேள்விகளுக்கு ஒரே நேரத்தில் விடை சொன்ன வாய்க்கு அந்தக் கேள்விக்கு விடை வரவில்லை.

மறுநாள் மருத்துவரிடம் சென்றோம். தாயின் எடை நான்கு கிலோ குறைந்திருந்தது. மருத்துவர் குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு என் மகளிடம், "காலையில் முதலில் வாயில் போடுவது என்ன?" என்று கேட்டார்.

"லேகியம்."

"அதை எதில் கிளறினீர்கள்?"

நெய்யில். சம்பந்தியம்மாள் உருக்கிக் கொண்டுவந்த நெய்யில். அந்த லேகியம் சமையலறையில் இல்லை. பூசையறை அலமாரியில் தனியே பீங்கான் சாடியில் இருந்தது. சமையலறையைச் சோதித்த நாங்கள் சாடியைச் சோதிக்கவில்லை. அது உணவு அன்று, மருந்து என்பது எங்கள் எண்ணம். என் ஏட்டில் 'தாய் உண்டது' என்ற கட்டம் இருந்தது. 'மருந்து' என்று ஒரு கட்டம் இல்லை. நெய் பெரும்பாலும் கொழுப்புத்தான். ஆனால் வீட்டில் உருக்கி வடித்த நெய்யில் பால் புரதத்தின் கசடு சிறிது தங்கும். சோதனை நடக்கும்போது அந்தச் சிறிதும் ஆகாது.

"ஐயா, ஆய்வுக்கூடத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தது நீங்கள்தானே? இங்கே ஒன்பதை மாற்றியிருக்கிறீர்கள், மாற்ற வேண்டிய ஒன்றை விட்டுவிட்டீர்கள்" என்றார் என் மாணவி. ஆசிரியர் தொழிலில் இதைவிடப் பெரிய பரிசும் இல்லை, இதைவிடப் பெரிய தண்டனையும் இல்லை.

சாடி அன்றே மூடப்பட்டது. நெய்க்குப் பதிலாக நல்லெண்ணெயில் கருப்பட்டிப் பாகு சேர்த்துச் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் இட்டு என் மனைவி புதிதாக லேகியம் கிளறினாள். ஐந்தாம் நாள் இரத்த இழை மெலிந்தது. பத்தாம் நாள் அறவே இல்லை. இதற்கிடையில், சிறையில் அடைத்த நிரபராதிகளை ஒவ்வொருவராக விடுதலை செய்யச் சொன்னார் மருத்துவர். மூன்று நாளுக்கு ஒன்று வீதம் சின்ன வெங்காயம், பருப்பு, மீன், முட்டை, வேர்க்கடலை, முந்திரி எல்லாம் இலைக்குத் திரும்பின. ஒன்றினாலும் தீங்கு இல்லை. சில குழந்தைகளுக்கு முட்டையோ சோயாவோ கோதுமையோ மீனோ ஒவ்வாமல் போவது உண்டு. எங்கள் குழந்தைக்குப் பால் ஒன்றே.

பாலை நீக்கிவிட்டோம் என்று சொல்வது எளிது. அந்த இடத்தை எப்படி நிரப்புவது? பால் கொடுக்கும் தாய்க்கு நாள் ஒன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. பசும்பாலில் 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 120 மில்லிகிராம்தான். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் உண்டு. கீரைகளில் முருங்கையும் அகத்தியும் செல்வந்தர்கள். எள்ளும் அப்படியே. ஆனால் எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. தானியத்திலுள்ள ஃபைட்டிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடலுக்கு முழுதும் சேராது. ஊறவைத்து முளைகட்டினால் அந்தப் பிடி தளரும். முளைகட்டிய கேழ்வரகைப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுத்த நம் பாட்டிமார் ஃபைட்டிக் அமிலத்தின் பெயரை அறிந்திருக்கவில்லை, கை அறிந்திருந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த கால்சியம் மாத்திரையையும் மருத்துவர் தொடரச் சொன்னார். அந்த மாத்திரையைப் பற்றி ஒரு வேடிக்கை. அதில் பெரும்பாலும் இருப்பது கால்சியம் கார்பனேட். அரியலூரில் லாரி லாரியாகச் சிமெண்டு ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லில் இருப்பதும் அதே பொருள்தான். அந்த நிலம் கடலாக இருந்த காலத்துச் சிப்பியும் நத்தையும் விட்டுப்போன ஓடுகள் அதில் கலந்திருக்கின்றன. இதைக் கேட்டுவிட்டுக் கல்லைக் கடிக்கப் போகாதீர்கள். மருந்துக்குச் சுத்தம் செய்த பொருள் வேறு. வேதியியல் பெயர் மட்டும் ஒன்று.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். பால் இல்லாத சமையல் என்றதும் என் மனைவிக்கு எழுந்த முதல் ஐயம், "தேங்காய்ப்பாலும் ஆகாதா? பால் சுறாவும் ஆகாதா?" என்பது. பெயரில் பால் இருந்தால் பொருளில் பால் இருக்க வேண்டியதில்லை. தேங்காய்ப்பாலே எங்களுக்குக் கைகொடுத்தது. இரவில் பூண்டை அதில் வேகவைத்து மசித்துக் கருப்பட்டி இட்டுக் கொடுத்தாள். அடுப்பை மெல்ல எரியவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். காலையில் கேழ்வரகுக் கூழ். அதை வழக்கமாக மோரில் கரைப்போம். இப்போது முதல்நாள் சோற்றின் நீராகாரத்தில் கரைத்து உப்பிட்டு, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். காப்பிக்குப் பதில் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்ட கருப்பட்டிக் காப்பி. மாலையில் எள்ளுருண்டை. தோசைக்கும் பொரியலுக்கும் நல்லெண்ணெய். இவையெல்லாம் எளிதாகவே அமைந்தன.

மோர்தான் அமையவில்லை. நம் பக்கத்தில் கடைசிச் சோற்றுக்கு மோர் இல்லையேல் உண்டு எழுந்ததாகவே மனம் ஒப்பாது. என் மகள் ஒவ்வொரு நாளும் இலை முன் ஒரு கணம் தயங்கி எழுவாள். அதைப் பார்த்த என் மனைவி பல நாள் முயன்று ஒன்றைக் கண்டுபிடித்தாள். இரண்டாம் தேங்காய்ப்பாலில் மேலும் நீர் விட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, உப்பிட்டு, எலுமிச்சம்பழம் சில துளி பிழிந்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தாள். நிறம் மோர், மணம் ஏறக்குறைய மோர், சுவை வேறு ஏதோ. வீட்டில் அதற்குக் 'கள்ள மோர்' என்று பெயர் வைத்தோம். முதல் நாள் அதை ஊற்றிப் பிசைந்து உண்டுவிட்டு என் மகள் சிரித்தாள். குறிப்பேட்டில் அதற்கென்று கட்டம் இல்லாவிடினும் ஓரத்தில் குறித்து வைத்தேன்.

வீட்டுச் சமையல் நம் கையில். கடைப் பண்டம் அப்படி அன்று. ரொட்டி, பிஸ்கட்டு, சாக்லேட்டு, சில சத்துமாவுகள், பொட்டலத்தில் வரும் வறுவல் மீது தூவிய மசாலா ஆகிய எதிலும் பால் ஒளிந்திருக்கலாம். அட்டையில் அச்சிட்ட பெயர்களும் பால் என்று நேரே சொல்லா; 'மில்க் சாலிட்ஸ்', 'கேசின்', 'வே பவுடர்', 'பட்டர் ஆயில்' என்று பல வேடங்கள். பால், முட்டை, மீன், வேர்க்கடலை, கொட்டை வகைகள், சோயா, குளூட்டன் உள்ள தானியங்கள் முதலியன இருந்தால் அதைப் பொட்டலத்தின் மீது வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறை கூறுகிறது. விதி நல்லது. ஆனால் எறும்பு ஊர்ந்தாற்போன்ற ஆங்கில எழுத்தை என் மனைவி எப்படிப் படிப்பாள்? எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் அந்த வேலையை ஏற்றான். பூதக்கண்ணாடியும் சிவப்பு மையும் எடுத்துக்கொண்டு வீட்டிலுள்ள பொட்டலங்களையெல்லாம் பரிசோதித்துக் குறியிட்டான். பால் சேராதது என்று நாங்கள் எண்ணியிருந்த ஒரு பிஸ்கட்டில் அவன் 'மில்க் சாலிட்ஸ்' கண்டுபிடித்த அன்று, தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியவனைப் போல நடந்தான். உங்கள் வீட்டில் பச்சிளங் குழந்தை இருந்தால் நீங்களும் செய்யக்கூடிய வேலை இது.

இரத்தம் நின்று சில வாரம் கழித்து மருத்துவர் ஒரு செயலைச் சொன்னார். வீட்டில் எல்லாரும் திடுக்கிட்டனர். தாய் மீண்டும் பால் அருந்திப் பார்க்க வேண்டும் என்றார். நன்றாக இருக்கும் குழந்தையை மறுபடி வருத்துவதா என்று சம்பந்தியம்மாள் கண் கலங்கினார். ஆனால் நீக்கியபோது நின்றது என்பது மட்டும் சான்று ஆகாது. நாள் போக்கில் தானே நின்றிருக்கலாம். மீண்டும் சேர்த்தபோது மீண்டும் தோன்றினால்தான் வழக்கு முடியும். இரண்டு நாள் என் மகள் காலையும் மாலையும் ஒரு குவளை பால் அருந்தினாள். மூன்றாம் நாள் காலையில் துணியில் அந்தச் சிவப்பு இழை. உடனே நிறுத்தினோம், மறுபடி மறைந்தது.

இந்தச் சோதனையைக் கேட்டுவிட்டு யாரும் தாமாகச் செய்துவிடக் கூடாது. ஒவ்வாமை இரு வகை. எங்கள் குழந்தைக்கு வந்தது மெல்லத் தோன்றும் வகை. சில மணி முதல் சில நாள் வரை எடுத்துக்கொள்ளும். மற்றொன்று உண்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணிக்குள் உடலெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்று பாய்ந்து வரும். அதில் ஒரு கணமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்; வீட்டில் மறு சோதனை என்ற பேச்சுக்கே இடம் இல்லை. மாலையில் அழும் குழந்தைக்கெல்லாம் பால் ஒவ்வாமை என்று எண்ணுவதும் தவறு. இரண்டு மாதக் குழந்தைகள் பல காரணமின்றியே அழும்.

நோய் வராமல் இருப்பதற்காக முன்கூட்டியே எல்லாவற்றையும் விலக்கிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். பல காலம் மருத்துவர்களே அப்படிச் சொன்னதும் உண்டு. இலண்டன் மாநகரில் கிடியன் லாக் என்ற மருத்துவர் 640 குழந்தைகளைக் கொண்டு ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டார். ஒவ்வாமைக்கு இலக்காகக்கூடிய குழந்தைகளில், முதல் ஆண்டிலேயே வேர்க்கடலை உண்ணத் தொடங்கியவர்களைவிட அதை விலக்கி வைத்தவர்களுக்கே கடலை ஒவ்வாமை பன்மடங்கு மிகுதியாக வந்தது. வேர்க்கடலை விளையும் நம் சீமையில் இதைக் கேட்டால் உழவர்கள் மகிழ்வார்கள். அந்தச் சோதனை குழந்தைகளே உண்ட உணவைப் பற்றியது, தாயர் உண்டதைப் பற்றியது அன்று. அவர்களும் பிறந்து நான்கு மாதம் ஆன பின்னரே, மருத்துவர் பார்வையில், அரைத்த வடிவில் உண்டார்கள். முழுக் கடலையைச் சிறு குழந்தையின் வாயில் போட்டால் மூச்சுக்குழாயில் சிக்கிவிடும்.

என் பேத்திக்கு ஆறு மாதம் முடிந்ததும் கஞ்சி, பருப்பு, முட்டை எல்லாம் பழக்கினோம். பதினோராம் மாதத்தில் மருத்துவர் சொற்படி தாய் முதலில் பிஸ்கட்டு, பிறகு மோர், பிறகு பால் என்று படிப்படியாக உண்டாள். இழை தோன்றவில்லை. பிறகு குழந்தைக்கே ஒரு தேக்கரண்டித் தயிர். அன்று முழுவதும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஒன்றும் நேரவில்லை. இவ்வகை ஒவ்வாமை கொண்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஓராண்டு நிறையும் வேளையில் அது தானே விலகிவிடுகிறது. இப்போது அவளுக்கு மூன்று வயது. மோர்ச் சோறு இல்லாமல் உறங்கமாட்டாள். கள்ள மோரை ஒருநாள் ஆசைக்குக் கொடுத்தபோது துப்பிவிட்டாள்.

என் மகள் இரண்டாம் பிரசவத்துக்கு மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். சம்பந்தியம்மாள் ஆண்டிமடத்திலிருந்து முந்திரிப் பருப்பை மட்டும் கொண்டுவந்தார். நெய்த் தூக்குச் சட்டியைக் காணோம். என் மனைவி என்னை மருத்துவரிடம் அனுப்பி, இந்த முறை லேகியத்தை நெய்யில் கிளறுவதா, நல்லெண்ணெயில் கிளறுவதா என்று கேட்டுவரச் சொன்னாள். "குழந்தை பிறந்து ஏதேனும் குறி கண்டால் அப்போது பார்த்துக்கொள்வோம், இப்போது நெய்யிலேயே கிளறச் சொல்லுங்கள்" என்றார் மருத்துவர். நான் புதிய ஏடு ஒன்று வாங்கிக் கட்டம் கட்டி வைத்திருக்கிறேன். இம்முறை ஏழு கட்டங்கள்.